மிச்சம் காட்டும் முள்

பெட்டியில் ஆறு குழிகள். ஐந்தில் கடிகாரம் இருந்தது. ஆறாவதில், வாரைச் சுற்றி மாட்டிவைக்கிற சின்ன மெத்தை உருளை மட்டும் தனியாகக் கிடந்தது, ஆள் எழுந்து போன நாற்காலி மாதிரி நடுவில் லேசாக அமுங்கி. நாத்தனார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். இறக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். கடைசியில் ஒரு விரலைக் குழிக்குள் விட்டுத் துழாவினாள்.

“இது எங்க?”

“எது அக்கா?” என்றாள் அவள்.

“எதுன்னு என்னையே கேளு. இல்லாததைத்தான் கேக்குறேன். இருக்கிறதுதான் கண்ணுக்குத் தெரியுதே.”

அவளும் குனிந்து பார்த்தாள். கணவர் போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதற்குப் பிறகு அவருடைய உள் அறைக்குள் வருவதே அன்றைக்குத்தான். அந்தப் பெட்டியைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் தெரிந்திருப்பதுபோல அந்தக் கடிகாரங்களை முகம் தெரியும், பேர் தெரியாது. வெள்ளை முகத்துக்காரன் ஒருவன். நிலாவைக் காட்டுகிறவன் ஒருவன். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் குடுகுடுவென்று ஓடி, இன்னொரு தரம் அழுத்தினால் நிற்கிற துடுக்கன் ஒருவன். இல்லாதவனை மட்டும் நன்றாகத் தெரியும். அது நீலம்.

வெறும் நீலம் இல்லை. விளக்கைப் போட்டால் மை மாதிரியும், ஜன்னல் பக்கம் திருப்பினால் ஆழமான தண்ணீர் மாதிரியும் தெரிகிற நீலம். யாரோ இரண்டு சகோதரர்கள் சின்னப் பட்டறை வைத்து, விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே செய்து, பிறகு பட்டறையை மூடிவிட்டார்களாம். அதை வாங்கக் கணவர் தன்னிடமிருந்த மூன்று கடிகாரங்களைக் கொடுத்தார். “மூணு பேரைத் துரத்திட்டு ஒருத்தனைக் கூட்டிட்டு வர்றீங்களே, அவன் என்ன அவ்வளவு பெரிய ஆளா?” என்று அவள் கேட்டாள். அவர் கடிகார முகத்தின் அடிப்பாகத்தைக் காட்டினார். ஆறு மணி இருக்க வேண்டிய இடத்தில் விசிறி மாதிரி ஒரு சின்ன அளவுகோல், அதில் கொசுக்கால் போல ஒரு முள்.

“இது மணி காட்டுறது இல்ல. உள்ள இருக்கிற சுருள்ல இன்னும் எவ்வளவு முறுக்கு மிச்சம் இருக்குன்னு காட்டும். கையை வீசி நடந்தா ஏறும். சும்மா கிடந்தா இறங்கும். இறங்கி அடியில படுத்துச்சுன்னா கடிகாரமும் படுத்துடும்.”

“நம்ம வீட்டுக் கேஸ் சிலிண்டருக்கு இப்படி ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்,” என்றாள் அவள்.

அவர் பல் கட்டுகிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் உள் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொப்பி மாதிரி பற்களைச் செய்து அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் இவர் கைப்பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று பெருமை. அவளுக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. வீடு வீடாக மீட்டர் பார்ப்பது, கூடவே கசிவு தேடுவது. கசிவு தேடுவதற்கு ஒரு நீளக் கம்பி உண்டு. ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் இருக்கும் மரக்குமிழில் காதை வைத்தால், மண்ணுக்கு அடியில் தண்ணீர் எங்கே சீறுகிறது என்று கேட்கும். கடிகாரத்தைக் காதோரம் வைத்துக்கொண்டு அவரும், குழாயில் காதை வைத்துக்கொண்டு இவளுமாக, “நாம ரெண்டு பேரும் ஒட்டுக்கேட்டே பொழைக்கிற குடும்பம்” என்பார்.

நாத்தனார் பெட்டியை மூடவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அவருக்கு மூத்தவள்; தம்பி போன துக்கத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் எதையாவது எண்ணிக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருந்தாள். இப்போது எண்ணியதில் ஒன்று குறைந்துவிட்டது.

“நான் அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேன். வீடு முழுக்க ஜனம். அத்தனை பேரும் கூடத்துல. அந்தப் பல் டாக்டர் மட்டும் இங்க. நான் தண்ணி எடுக்கப் போனவ கண்ணால பாத்தேன். பெட்டி திறந்திருக்கு, கண்ணுல அந்தக் குழாய்க் கண்ணாடி, கையில ஒரு வாட்ச்சு. என்னைப் பாத்ததும் டக்குனு மூடிட்டாரு. சாவு வீட்டுல உக்காந்து வாட்ச்சு பாக்குற மனுஷனை நீ எங்கயாவது பாத்திருக்கியா?”

“டாக்டர் அப்படிப்பட்டவர் இல்லக்கா.”

“நான் மட்டும் அப்படிப்பட்டவர்னா சொன்னேன்? இல்லாத வாட்ச்சு சொல்லுது.”

டாக்டர் அவருடைய முப்பது வருஷத்துச் சிநேகிதர். முதலில் பல்லுக்காக வந்தவர், பிறகு கடிகாரத்துக்காக வந்தார், அப்புறம் எதற்கு வருகிறோம் என்பதே மறந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். இருவரும் சந்தித்தால் கை குலுக்கமாட்டார்கள்; ஒருத்தர் மணிக்கட்டை ஒருத்தர் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள். “யோவ் பல்லு, அந்த நீலத்தை எனக்குக் குடுத்துடுய்யா” என்று டாக்டர் கேட்பதும், “நான் செத்த பிறகு வந்து திருடிக்கோ” என்று இவர் சொல்வதும் வழக்கமான கூத்து. அவள் காப்பித் தம்ளர்களோடு உள்ளே வரும்போதெல்லாம் காதில் விழுந்து விழுந்து அர்த்தம் தேய்ந்துபோன பேச்சு. இப்போது அது புதிதாகக் கேட்டது.

கடைசி இரண்டு வருஷம் அவருக்கு இதயம் தளர்ந்துவிட்டது. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வாசல், அவ்வளவுதான் நடை. மற்ற கடிகாரங்களுக்குக் குமிழைத் திருகிச் சாவி கொடுத்துவிடுவார். அந்த நீலத்துக்கு அது கிடையாது. கையில் கட்டியவர் நடந்தால்தான் ஓடும். “எங்கிட்ட சுத்துற பெட்டி இருக்கு. உள்ள வச்சா அதுவே ராட்டினம் மாதிரி சுத்திச் சுத்தி ஓட்டும். அனுப்பு” என்றார் டாக்டர். “ஆளில்லாத ராட்டினத்துல அதை ஏன்யா உக்கார வைக்கிறே? அது மனுஷன் நடக்கிறதுக்குச் செஞ்சது” என்று இவர் மறுத்துவிட்டார். கையில் வைத்துக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டவும் மனசில்லை. ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய அவளிடம், “நீ கட்டிட்டுப் போயேன்” என்று நீட்டினார்.

அவளுக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் வந்தது. “குழிக்குள்ள இறங்கி எந்திரிக்கிறவ நான். சேத்துல விழுந்தா நீங்க அதைத்தான் முதல்ல தூக்குவீங்க. வேணாம்ப்பா. தெருவுல எவனாவது கையோட கழட்டிட்டுப் போனா, கையில்லாம மீட்டர் எப்படி எழுதுறது?”

அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். பழக்க தோஷத்தில் இரண்டு பிஸ்கட் பொட்டலம் வாங்கி வந்திருந்தார், ஒன்று போய்விட்ட சிநேகிதருக்கு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாத்தனார் சுற்றி வளைக்கவில்லை. பெட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் மேசையில் வைத்துத் திறந்தாள்.

“டாக்டரு, தப்பா நினைக்காதீங்க. இதுல ஒண்ணு குறையுது.”

“ஆமா. நீலம்,” என்றார் அவர் உடனே.

“பாத்தியா, அவருக்குத் தெரிஞ்சிருக்கு!” நாத்தனார் இவள் பக்கம் திரும்பினாள். “எப்படித் தெரியும்?”

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கேள்வி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது.

“அன்னைக்குப் பாத்தேன். நான்தான் திறந்தேன். எல்லாத்துக்கும் சாவி குடுத்தேன்.”

“சாவியா?”

“அவன் தினம் காலையில குடுப்பான். அன்னைக்குக் குடுக்கல. அவன் போன அன்னைக்கே அதுங்களும் வரிசையா நிக்கணுமான்னு தோணுச்சு. அதான். எல்லார் முன்னாடியும் இதைச் சொன்னா பைத்தியம்னு நினைப்பாங்க.”

“சரி. அப்போ ஒண்ணு இல்லைன்னு தெரிஞ்சுதுல்ல. ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“அவன் கையில கட்டி அனுப்பிட்டீங்கன்னு நினைச்சேன்மா,” என்றார் டாக்டர். குரல் இறங்கிவிட்டது. “நானா இருந்தா அப்படித்தான் செஞ்சிருப்பேன்.”

நாத்தனார் மூக்கால் மூச்சு விட்டாள். அதில் எல்லாம் இருந்தது. டாக்டர் அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்தார். ‘சேச்சே, அதெல்லாம் இல்ல டாக்டர்’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மை தெரியாமல் ஒப்புக்குச் சொல்வது அவளுக்கு வராது. மீட்டரைப் பார்க்காமல் போன மாசத்துக் கணக்கையே எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அவள் அந்த ரகமில்லை. காலிக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இடது கைச் சட்டையை மேலே தள்ளினார். தன் கடிகாரத்தைக் கழற்றினார். தங்க நிறம் மங்கிய, மெல்லிய, பழைய கடிகாரம். அவருடைய அப்பாவுடையது என்று அவளுக்குத் தெரியும். அதைக் காலியாக இருந்த மெத்தை உருளையில் மாட்டி, ஆறாவது குழியில் வைத்தார்.

“அது கிடைக்கிற வரைக்கும் இது இங்க இருக்கட்டும். தினம் காலையில சாவி குடுங்க. கடைசியில லேசா இறுகும். இறுகினதும் விட்டுடுங்க, அதுக்கு மேல திருகாதீங்க.”

“டாக்டர், இதெல்லாம் எதுக்கு...”

“ஓடாம வச்சிருந்தா எண்ணெய் கெட்டியாயிடும்,” என்றார் அவர், கேட்டதற்கு அதுதான் பதில் என்பதுபோல. எழுந்து போகும்போது வாசலில் மணி பார்க்கக் கையைத் திருப்பினார். வெறும் மணிக்கட்டு. வெயில் படாத இடம் ஒரு பட்டையாக வெளுத்துத் தெரிந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

*

நாத்தனார் தன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, வீட்டில் சத்தம் போடுகிறவை அந்தக் கடிகாரங்கள் மட்டும்தான். முதல் நாள் டாக்டருடைய கடிகாரத்தைத் திருகும்போது, எங்கே இறுகும், இதுதான் இறுக்கமா, இன்னும் இருக்கிறதா என்று பயந்து பயந்து பாதியில் விட்டாள். மறுநாள் விடிவதற்குள் அது நின்றுவிட்டது. இரண்டாம் நாள் தைரியமாகத் திருகினாள். விரல் நுனிக்குள் ஏதோ ஒன்று மெதுவாக நிறைந்துகொண்டே வந்து, ‘போதும்’ என்றது. அவள் விட்டுவிட்டாள். யாரும் பார்க்காதபோதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு காலம் இதே வீட்டில் இது தினமும் நடந்திருக்கிறது. அவர் காலையில் அந்த அறையில் உட்கார்ந்து ஐந்து தரம் இந்தப் ‘போதும்’மைக் கேட்டிருக்கிறார். அவள் அந்த நேரத்தில் கூடத்திலிருந்து, “காப்பி ஆறுது” என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மற்ற ஐந்துக்கும் சாவி கொடுத்து, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தாள். குழாய்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. வெள்ளை முகத்துக்காரன் நிதானமாக, தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடப்பவன்போல் அடித்தான். துடுக்கன் படபடவென்று அடித்தான். டாக்டருடைய கடிகாரத்தைப் படுக்க வைத்தால் ஒரு தினுசாகவும் நிமிர்த்தினால் வேறு தினுசாகவும் அடித்தது, முதுகுவலிக்காரர் மாதிரி. அவருடைய பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நிலாவைப் பார்த்தாள். வெளியே பார்த்தால் பொட்டு. உள்ளே அதற்கு ஒரு முகம் வரைந்திருந்தது, அரைச் சிரிப்போடு. யார் பார்க்கப்போகிறார்கள் என்று இதை வரைந்தான் ஒருவன்? இதை இவர் எத்தனை தரம் பார்த்திருப்பார்? ‘இங்க வா, இதைப் பாரு’ என்று அவர் கூப்பிட்ட நாட்கள் உண்டு. ‘அடுப்புல இருக்கு’ என்று சொல்லியிருக்கிறாள். அடுப்பில் உண்மையிலேயே இருந்தது.

கேட்பதற்குக் கேள்விகள் சேர்ந்துகொண்டே போயின. நிலா ஏன் ஒருநாள் பிந்துகிறது? துடுக்கனை ஓடவிட்டால் மற்ற முட்கள் ஏன் ஒரு துளி தயங்குகின்றன? பதில் தெரிந்த ஒரே மனிதர் வெறும் மணிக்கட்டோடு எங்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் எடுத்திருந்தால் அந்தப் பதில்கள் அவளுக்கு வேண்டாம். எடுக்கவில்லையென்றால், அவள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிஷத்தை என்ன செய்வது? இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும். கட்டிலடி, அலமாரி, பல் அச்சு வைக்கும் டப்பாக்கள், கணவருடைய சட்டைப் பைகள், அரிசி டப்பா வரைக்கும் தேடிவிட்டாள். நீலம் இல்லை.

இதோடு இன்னொரு பழைய கேள்வியும் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் வேலை முடிந்து வந்ததும் கணவர், “இன்னைக்கு எங்க போனே? மேடா, சமவெளியா? படிக்கட்டு நிறையவா?” என்று விசாரிப்பார். வீட்டுக்குள்ளேயே கிடக்கிற மனுஷன், தெருவைப் பற்றிக் கேட்க ஆசைப்படுகிறார் என்று அவளும் ஒன்று விடாமல் சொல்வாள். ஆனால் ஒரு நாள், கூட வேலை செய்கிறவளுக்கு உடம்பு சரியில்லை என்று நாள் முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அதை அவரிடம் சொல்லவே இல்லை. சாப்பிடும்போது அவர், “என்ன மீட்டரம்மா, இன்னைக்கு உக்காந்தே பொழுது போச்சா?” என்றார். தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?” “உன் முகத்துல எழுதியிருக்கு.” குளியலறைக் கண்ணாடியில் போய் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

*

விடுப்பு முடிந்தது. கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய வேலைப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவர் இருந்தவரை அதை அவள் எடுத்ததில்லை. காலையில் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து வந்து, பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிடுவதும், மாலையில் வாசலில் நின்று அதை வாங்கிக்கொள்வதும் அவருடைய வேலை. “நாள் முழுக்க நடக்க முடியாதவனுக்கு இதாவது இருக்கட்டும்” என்பார். பையின் அடி பிய்ந்துபோனபோது, பல் கட்டுகிற விரல்களால் அதைப் பிரித்து, உள்ளே பஞ்சு வைத்து மெத்தையாகத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். “இடுப்புல இடிக்காது” என்றார். இடிக்கவில்லை.

மேட்டுத் தெரு முழுக்க மீட்டர் பார்த்துவிட்டு, மதியத்துக்குச் சற்று முன்னால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனாள். தண்ணீர் அதிகமாகச் செலவாகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை என்று புகார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவளைத் தரைக்கு அடியில் இருந்த பம்ப் அறைக்கு அழைத்துப் போனார். சுவரோரமாகக் கனத்த இரும்புக் குழாய் ஓடியது. தரையெல்லாம் ஈரம். பையைக் கீழே வைக்க மனசில்லாமல் குழாயின் மேலேயே சாய்த்து வைத்தாள்.

“பம்ப்பை நிறுத்துங்க. மேல யாரும் குழாய் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வாங்க.”

“நாலாவது மாடிக்காரர்கிட்ட அதைச் சொல்றதுக்கு நான் தண்ணியிலயே குதிச்சுடலாம்,” என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் போனார்.

கொஞ்ச நேரத்தில் கட்டடம் முழுவதும் அடங்கியது. அவள் கம்பியைக் குழாயில் ஊன்றி, மரக்குமிழில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கசிவு என்றால் பாம்பு மாதிரி ஓர் இழுப்புச் சீறல். அது தூரத்தில் இருந்தது, சன்னமாக. ஆனால் அதற்கு முன்னால், வெகு பக்கத்தில், வேறொன்று இருந்தது.

டிக்டிக்டிக்டிக்டிக்.

மீட்டரின் பல்சக்கரம் என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள், தண்ணீர் நின்றிருக்க, மீட்டர் அசையாமல் இருந்தது. கம்பியை ஒரு முழம் தள்ளி ஊன்றினாள். சத்தம் குறைந்தது. இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். கூடியது. கசிவைத் துரத்துகிற அதே பழக்கத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியை நகர்த்திக்கொண்டே வந்தாள். கம்பி பையில் போய் இடித்தது. பையைக் குழாயிலிருந்து தூக்கினாள். சத்தம் அறுந்தது. மறுபடி வைத்தாள். டிக்டிக்டிக்.

ஈரத்தைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். டார்ச், கொக்கி, மழைக்கோட்டு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் உருண்டன. காலிப் பையின் அடியைத் தடவினாள். மெத்தையின் ஓரத்தில், தையல் போலவே தெரிகிற இடத்தில் தையல் இல்லை. விரல் உள்ளே போனது. கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி, அதற்குள் சில்லென்று, கனமாக.

நீலம்.

அது ஓடிக்கொண்டிருந்தது. நேரம் சுத்தமாகத் தப்பு. அவர் போன பிறகு, கொக்கியில் தொங்கியபடியே எப்போதோ நின்றிருக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து இன்று காலை அவள் தெருவில் இறங்கி நடந்ததும் மறுபடி தொடங்கியிருக்கிறது. அவள் முதலில் பெரிய முட்களைத்தான் பார்த்தாள். அப்புறம் அடியில் விசிறிக்குள் இருந்த அந்தக் கொசுக்கால் முள்ளைப் பார்த்தாள். அது அடியிலிருந்து எழுந்து, மேட்டுத் தெருவின் அளவுக்கு மேலே ஏறியிருந்தது.

‘மேடா, சமவெளியா? படிக்கட்டு நிறையவா?’

ஒவ்வொரு மாலையும், அவள் முகம் கழுவப் போனதும், இதை வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்திருக்கிறார். அவள் நடந்ததெல்லாம் அதில் இருந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் அவளிடம் கேட்டிருக்கிறார், சரியாகச் சொல்கிறாளா என்று பார்க்க அல்ல, முள் சொன்னதில் தெருப் பெயர் இல்லையே என்று. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளில் முள் ஏறவே இல்லை போலிருக்கிறது.

“திருட்டுப் பய,” என்றாள் சத்தமாக. அவரை வாழ்நாளில் அப்படிச் சொன்னதில்லை. பம்ப் அறையின் சுவரில் அது மோதித் திரும்பி வந்தது.

“யாரும்மா?” கட்டடக்காரர் படியில் நின்றிருந்தார். கவிழ்ந்து கிடந்த பையையும், தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறவளையும் பார்த்துக் குழம்பினார். “கசிவு இருக்கா, இல்லையா?”

“இருக்கு, இருக்கு. இருங்க, கண்டுபிடிச்சுத் தர்றேன்.”

கடிகாரத்தை மறுபடி அதே துணியில் சுற்றி, அதே இடத்தில் வைத்தாள். கண்டுபிடித்தும் கொடுத்தாள். மாடிப்படிக்கு அடியில், சுவருக்குள்.

*

டாக்டருடைய மருத்துவமனை ஊரின் அந்தக் கோடியில். முதலில் வீட்டுக்குப் போய், ஆறாவது குழியிலிருந்து டாக்டருடைய கடிகாரத்தை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பிறகு நிறுத்தத்தில் நின்றாள். பஸ் வந்தது, கதவு திறந்தது, நடத்துனர் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கினாள். என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. நடக்க நடக்க ஒவ்வொரு வாக்கியமும் பழசாகி உதிர்ந்தது. பை அவள் இடுப்பில் தட்டிக்கொண்டே வந்தது, இடிக்காமல்.

காத்திருக்கும் அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர். முறை வந்ததும் உள்ளே போனாள். டாக்டர் முகமூடியை இறக்கினார். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, கையுறைகளைக் கழற்றினார். இடது மணிக்கட்டில் அந்த வெளுத்த பட்டை அப்படியேதான் இருந்தது. வேறு கடிகாரம் எதுவும் அவர் கட்டவில்லை. வீட்டில் அவருக்கு ஒரு பெட்டி நிறையக் கடிகாரம்.

அவள் முதலில் கைக்குட்டையை அவிழ்த்து அவருடையதை வைத்தாள். “காலையில சாவி குடுத்துட்டேன்.” அவர் தலையசைத்தார், எடுக்கவில்லை. அவள் பையைக் கருவிகள் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, அடியில் கையை விட்டு, துணிப்பொதியை எடுத்துக் கொடுத்தாள்.

துணியைப் பிரிக்கும்போது டாக்டரின் விரல்கள் நின்றன. வாயில் வைத்த பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பவர்போல, கண்ணைச் சுருக்கி, விளக்கை இழுத்து, நெடுநேரம் பார்த்தார். பையைப் பார்த்தார். பையின் அடியில் இருந்த மெத்தையை, அதன் நுண்ணிய தையலை விரலால் தடவினார். அந்தக் கைவேலை யாருடையது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“டாக்டர், அன்னைக்கு நான்...” என்று அவள் தொடங்கினாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. விசிறிக்குள் இருந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது உச்சியைத் தொட்டுவிடும் இடத்தில் நின்றிருந்தது.

“நடந்தா வந்தீங்க?” என்றார்.

“பஸ் வரல,” என்றாள் அவள்.

டாக்டரின் உதடு கோணியது. சிரிப்பா, வேறா, சொல்ல முடியவில்லை. கடிகாரத்தைக் கவிழ்த்து வெள்ளைத் துணியின் மேல் வைத்தார். அதன் முதுகு கண்ணாடியால் மூடியிருந்தது; அவள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தரம். உள்ளே, சக்கரங்களுக்கு மேல், பாதி நிலா மாதிரி ஒரு தகடு தொங்கிக்கொண்டிருந்தது; நடக்க நடக்க ஆடிச் சுருளை முறுக்குவது அதுதான் போலிருந்தது. வெளியே யாரோ, “டாக்டர், பல்லு தெறிக்குது” என்று குரல் கொடுத்தார்கள். இருவரும் நகரவில்லை. அவள் தன்னையறியாமல் குனிந்தாள், அவரும் குனிந்திருந்தார். கீழே வைத்த பிறகும் அந்தப் பாதி நிலா, வெயிலில் தொலைதூரம் நடந்து வந்து வாசல்படியில் நின்று மூச்சு வாங்குகிறவரின் தோளைப்போல, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம், லேசாக ஆடிக்கொண்டிருந்தது.